65 வயதைத் தாண்டியவர்களின் புற்றுநோய் இறப்பு: கென்டக்கிக்கும் யூட்டாவுக்கும் நடுவே இத்தனை இடைவெளி ஏன், எப்படி ஒப்பிடுவது?

தரவுத்தேனீ:

அமெரிக்க மாநிலங்களில் 65 வயதைத் தாண்டியவர்களின் புற்றுநோய் இறப்பை 1999-லிருந்து எடுத்து ஒரு கட்டுரைக்காக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தரவு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சிடிசி) வொண்டர் தளத்தினுடையது. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, மிசிசிப்பி மேல் வரிசையிலேயே நிற்கின்றன. யூட்டா அடியில். அதுவரை சரி.

சிக்கல் இனிமேல்தான். கச்சா விகிதத்தில் (இறப்பை மக்கள்தொகையால் அப்படியே வகுத்தது) ஒரு வரிசை வருகிறது, வயது சீராக்கிய விகிதத்தில் (எல்லா மாநிலத்துக்கும் ஒரே வயது அமைப்பு என்று வைத்துக் கணக்கிட்டது) வேறு வரிசை. விகிதம் வருடா வருடம் இறங்குகிறது, ஆனால் நாடு முழுக்க எல்லா வயதும் சேர்த்த புற்றுநோய் இறப்பு 2019-ல் 5,99,601, 2020-ல் 6,02,350 என்று குறைந்தபாடில்லை. கென்டக்கியைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) வாரியாகப் பிரித்தால் பல கட்டங்களில் எண்ணே காணோம். இந்த இடைவெளிக்குக் காரணம் புகையா, சிகிச்சை வசதியா? இந்தியாவுக்கும் இதே மாதிரி போட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இறப்புக்கணக்கு:

கச்சா விகிதத்தை ஒப்பீட்டுக்குத் தொடவே தொடாதீர்கள். 65+ என்று ஒரே கட்டமாக எடுத்தால் 66 வயதுக்காரரும் 92 வயதுக்காரரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாநிலங்களிலும் வயதுவாரி இறப்பு விகிதம் அச்சு அசல் ஒன்றே: 65–74-ல் லட்சத்துக்கு 500, 75–84-ல் 1,000, 85+-ல் 1,500. முதல் மாநிலத்தின் முதியோர் அந்த மூன்று கட்டங்களில் 60, 30, 10 சதவீதமாக இருக்கிறார்கள். கச்சா விகிதம் 750. இரண்டாவதில் 50, 33, 17 சதவீதம். கச்சா விகிதம் 835. நோயில் துளி வித்தியாசம் இல்லாமலே 85 புள்ளி இடைவெளி வந்துவிட்டது. ஓய்வு பெற்றவர்கள் புதிதாகக் குடியேறும் மாநிலத்தையும், இளைஞர்கள் வெளியேறிக் கிழவர்கள் மட்டும் மிஞ்சிய மாநிலத்தையும் கச்சாவாக ஒப்பிட்டால் நடப்பது இதுதான்.

சீராக்க, 2000-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர மக்கள்தொகையை எடுங்கள். அதில் 65–74-க்கு 0.0660, 75–84-க்கு 0.0448, 85+-க்கு 0.0155 எடை. மூன்றும் சேர்ந்தால் 0.1264. நமக்கு முதியோர் மட்டும் போதும் என்பதால் ஒவ்வொன்றையும் 0.1264-ஆல் வகுத்தால் 0.5225, 0.3548, 0.1227 கிடைக்கும். மேலே சொன்ன விகிதங்களில் பெருக்கிக் கூட்டினால் இரண்டு மாநிலத்துக்கும் 800. பலர் வகுக்காமல் அப்படியே பெருக்கிவிட்டு, விகிதம் ஏன் நூற்றுச் சொச்சத்தில் வருகிறது என்று முழிப்பார்கள்.

வொண்டரில் செய்வது: அடிப்படைக் காரணக் கோப்பைத் (ஒவ்வோர் இறப்புக்கும் ஒரே மூல காரணம் தருவது) திறந்து, ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டில் சி00 முதல் சி97 வரை (புற்றுநோய்கள்) எடுங்கள். பத்தாண்டு வயதுக் கட்டத்தில் மூன்றையும் குறியுங்கள். மாநிலம், ஆண்டு, பாலினம் என்று பிரித்து, வயது சீராக்கிய விகிதத்தோடு திட்டப் பிழையையும் (விகிதம் தற்செயலாக எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) சேர்த்துக் கேளுங்கள். திட்டப் பிழை பின்னால் தேவைப்படும். 1999–2020 ஒரு கோப்பு, 2018 முதல் இன்னொரு கோப்பு. இரண்டிலும் இனப் பகுப்பு வேறு என்பதால், இனவாரியாகப் பார்க்கும் போக்கை இரண்டையும் ஒட்டி ஒரே கோடாக வரையாதீர்கள்.

கவுண்டியில் எண் காணாமல் போவது தனியுரிமை விதியால். இறப்பு 10-க்குக் குறைந்தால் மறைத்துவிடுவார்கள், 20-க்குக் குறைந்தால் விகிதத்தின் இடத்தில் ‘நம்பத்தகாதது’ என்று குறிப்பு வரும். 20 இறப்பில் பிழை சுமார் 22 சதவீதம், 100 இறப்பில் 10 சதவீதம் (ஒன்றை இறப்பு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது). கென்டக்கியில் 120 கவுண்டிகள், நிறைய மிகச் சிறியவை. ஐந்தாண்டுகளைச் சேர்த்து எடுங்கள், அல்லது அந்த மாநிலத்தின் 15 வட்டார வளர்ச்சி மாவட்டங்களாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். மறைந்த கட்டத்தில் பூஜ்யம் போடுவது மட்டும் கூடவே கூடாது. சின்னக் கவுண்டிகள் எல்லாம் ஆரோக்கிய பூமியாகத் தெரியும்.

மொத்த எண்ணிக்கை குறையாததற்கு விடை எளிது. 2010 கணக்கெடுப்பில் 65+ மக்கள் 4.03 கோடி, 2020-ல் 5.58 கோடி. பத்தாண்டில் ஏறக்குறைய 38 சதவீதம் கூடுதல் ஆட்கள். விகிதம் இறங்கிய வேகத்தை இது சாப்பிட்டுவிட்டது.

உறுப்புவாரி:

மேலே சொன்னதோடு, ‘எல்லாப் புற்றுநோயும்’ என்ற ஒரே கோட்டை வைத்து எந்தக் காரணமும் சொல்ல முடியாது. உறுப்புவாரியாகப் பிரியுங்கள்.

கென்டக்கி–யூட்டா இடைவெளியில் பெரும்பங்கு நுரையீரல். கென்டக்கி புகையிலை விளையும் பூமி. யூட்டாவில் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையினர் அதிகம், அவர்களுக்குப் புகை விலக்கு. இன்று 75 வயதில் நுரையீரல் புற்றில் இறப்பவர் பிடித்த சிகரெட் முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தையது. அதனால் இப்போதைய புகைப்பழக்கக் கணக்கெடுப்போடு இறப்பை ஒட்டிப் பார்த்தால் பொருத்தம் கோணலாகத்தான் வரும். 1970, 80-களின் பழக்கத்தோடு ஒட்டுங்கள்.

ஆண் பெண் இருவரையும் சேர்க்கவே வேண்டாம். ஆண்களின் நுரையீரல் புற்று இறப்பு விகிதம் 1990 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியது. பெண்கள் பிந்திப் பழகியதால் அவர்கள் இறக்கம் 2000-களின் தொடக்கத்தில்தான் ஆரம்பம். அதிலும் அதிகம் புகைத்த தலைமுறை 1920, 30-களில் பிறந்த பெண்கள். அவர்கள் 85-ஐத் தொட்டது 2005-க்குப் பிறகு. 65–74-ல் கோடு இறங்கும்போது 85+-ல் அப்படி இறங்காமல் நிற்கும். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் தட்டையான கோடு ஒன்று வரும், அதைப் பார்த்து ‘முன்னேற்றம் தேங்கிவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள்.

குறைந்த கதிர்வீச்சு சிடி பரிசோதனை நுரையீரல் புற்று இறப்பை 20 சதவீதம் குறைக்கும் என்று 2011-ல் நிரூபணமானது. அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழுவின் 2013 பரிந்துரை 55–80 வயது, 30 பேக்-இயர். 2021-ல் 50–80 வயது, 20 பேக்-இயர். (தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் பிடித்தால் ஒரு பேக்-இயர்.) புகையை விட்டு 15 வருடம் தாண்டியிருந்தால் கிடையாது. மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) பணம் தருவது 77 வரை. ஆக, இதன் பலனை 85+-ல் தேடுவது வீண்.

புரோஸ்டேட் இதற்கு நேர்மாறு. இறப்பவர்களில் பெரும்பாலோர் 75-ஐத் தாண்டியவர்கள். கறுப்பின ஆண்களின் இறப்பு விகிதம் வெள்ளையரைப் போல சுமார் இரண்டு மடங்கு. மிசிசிப்பியின் வயதான ஆண்கள் கோடு மேலே நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். 1990-களின் நடுவிலிருந்து பாதிக்கு மேல் குறைந்த புரோஸ்டேட் இறப்பு விகிதம் கடந்த பத்தாண்டில் மேற்கொண்டு இறங்காமல் நின்றுவிட்டது. பிஎஸ்ஏ பரிசோதனை (புரோஸ்டேட் புற்றைத் தேடும் ரத்தப் பரிசோதனை) வேண்டாம் என்று 2012-ல் சொன்னதோடு இதைச் சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். 70-க்கு மேல் வேண்டாம் என்பது 2018 பரிந்துரையிலும் தொடர்கிறது.

கல்லீரலில் 1945–65-ல் பிறந்தவர்களைக் கவனியுங்கள், ஹெபடைட்டிஸ் சி அதிகம் உள்ள தலைமுறை. அவர்கள் 65-ஐத் தாண்டத் தொடங்கியது 2010-லிருந்து. நோயை முழுதாக நீக்கும் மாத்திரைகள் 2013 இறுதியில் வந்தன. 65–74-ல் கல்லீரல் கோடு ஏறியதற்கு அந்தத் தலைமுறையின் வருகைதான் பெரிய காரணம்.

இறப்புச் சான்றிதழில் ஒரு பொறி: கல்லீரல், எலும்பு, மூளை மூன்றும் வேறு உறுப்பிலிருந்து புற்று பரவும் இடங்கள். பரவியதையே மூலமாக எழுதிவிடுவது உண்டு. மலக்குடல் புற்றைப் பெருங்குடல் என்று எழுதுவதும் வாடிக்கை. சி18 முதல் சி20 வரை சேர்த்தே எடுங்கள். சி80, அதாவது மூல உறுப்பு தெரியாதது, எந்த மாநிலத்தில் 85+-ல் எத்தனை சதவீதம் என்று தனியே பாருங்கள். அது கூடுதலாக உள்ள இடத்தில் மற்ற உறுப்புகளின் எண்கள் பொய்யாகக் குறையும்.

நாட்டுப்புறத்தான்:

புகை என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள் ஐயா. 2011–15-ல் நகர்ப்புறக் கவுண்டிகளில் புற்றுநோய் இறப்பு லட்சத்துக்கு 158, கிராமப்புறத்தில் 180. இறங்கும் வேகமும் நகரத்தில் ஆண்டுக்கு 1.6 சதவீதம், கிராமத்தில் 1.0 (2006–15, எல்லா வயதும் சேர்த்து). சிகரெட் இதில் ஒரு பகுதியைத்தான் சொல்லும். மீதிக்குப் பெருங்குடலைப் பாருங்கள். மிசிசிப்பி டெல்டாவிலும் அப்பலாச்சியா மலைப்பகுதியின் நடுவிலும் அந்தப் புற்று இறப்பு குவிகிறது. கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) ஆளும் இல்லை, அழைத்துப் போக வண்டியும் இல்லை.

டெலவேர் இதற்கு நல்ல எதிர் உதாரணம். 2002-ல் மாநிலம் முழுக்கப் பெருங்குடல் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தார்கள். காப்பீடு இல்லாதவர்களுக்குப் பரிசோதனைச் செலவும், கண்டுபிடித்தால் சிகிச்சைச் செலவும் அரசுடையது. கைப்பிடித்து அழைத்துப் போகும் செவிலியர் வழிகாட்டிகளும் உண்டு. கறுப்பின மக்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2009-க்குள் 48-லிருந்து 74 சதவீதம் ஆனார்கள், வெள்ளையருக்குச் சமமாக. இறப்பு இடைவெளியும் ஏறக்குறைய மூடிக்கொண்டது. மக்களும் அவர்களின் பழைய பழக்கமும் மாறாமலே இது நடந்தது.

இன்னொன்று, இறப்பு பதிவாவது குடியிருந்த மாநிலத்தில், உயிர் போன இடத்தில் அல்ல. ஃபுளோரிடா, அரிசோனாவுக்கு 65-க்கு மேல் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் காசும் உடம்பில் தெம்பும் உள்ளவர்கள். அங்கே விகிதம் குறைவாகத் தெரிவதில் இவர்களின் பங்கு உண்டு. வெயில்தான் காரணம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

தரவுத்தேனீ:

மிக்க நன்றி. போக்குக் கோடு எந்த ஆண்டில் திசை மாறுகிறது என்று காட்டும் ஜாயின்ட்பாயின்ட் மென்பொருளில் போட்டேன். கென்டக்கி ஆண்களுக்கு 2018-ல் ஒரு திருப்பம் காட்டுகிறது. நம்பலாமா? 2020 கோவிட் ஆண்டை வைத்துக்கொள்வதா, தள்ளுவதா?

இறப்புக்கணக்கு:

1999–2020 என்றால் 22 புள்ளிகள். மென்பொருள் தானாக 4 திருப்பம் வரை தேடும். கடைசித் திருப்பத்துக்குப் பின் இரண்டே புள்ளி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். உங்கள் 2018 அந்த வகைதான். குறைந்தபட்சத்தை 4 புள்ளியாக ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மறைந்துபோனால் அது திருப்பமே இல்லை. திட்டப் பிழையை உள்ளிட்டீர்களா என்றும் பாருங்கள். கொடுக்காவிட்டால் எல்லா ஆண்டும் ஒரே நம்பகம் என்று எடுத்துக்கொள்ளும். மடக்கை (log) அளவில் சரிவு -0.02 என்று வந்தால் ஆண்டு மாற்றம் -1.98 சதவீதம். திருப்பங்களுக்கு நடுவே உள்ள துண்டுக் கோடுகளின் சராசரியைக் கையால் போடாதீர்கள், நீளத்தை வைத்து எடையிட்ட சராசரியை அதுவே தரும்.

2020-ஐ வைத்தும் எடுத்தும் இரண்டு தடவை ஓட்டி, இரண்டையும் கட்டுரையில் போடுங்கள். புற்றுநோயோடு இருந்த முதியவர் கோவிட்டில் இறந்தால் அடிப்படைக் காரணம் யூ07.1-க்குப் (கோவிட்டின் ஐசிடி குறியீடு) போய்விடும். சான்றிதழில் உள்ள எல்லாக் காரணங்களையும் தரும் பல காரணக் கோப்பில் சி00–சி97 எங்கே குறிப்பிட்டிருந்தாலும் எண்ணி, அந்த ஆண்டில் இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு விரிகிறது என்று பார்த்தால் தெரியும். புதிய நோயாளிகள் பற்றிய கணக்கில் 2020-ஐப் போக்கிலிருந்து தள்ளிவைக்கிறார்கள், ஏனென்றால் பரிசோதனைகளே நின்றுபோன ஆண்டு. இறப்புக்கு அந்தக் காரணம் அப்படியே பொருந்தாது.

அடையாறுக்காரர்:

இந்தியக் கேள்விக்கு: இதே முறையை அப்படியே கொண்டுவர முடியாது. 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்றோடு காரணம் எழுதப்பட்டவை 22.5 சதவீதம்தான். வீட்டில் இறக்கும் 80 வயதுக்காரருக்கு ‘வயோதிகம்’ என்றோ ‘மாரடைப்பு’ என்றோ எழுதிவிட்டு மயானத்துக்குப் போய்விடுவார்கள். சான்றளிப்பு குறைவான மாநிலம் புற்றுநோய் குறைவான மாநிலமாகத் தெரியும்.

இங்கே கைகொடுப்பது மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகள். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1982-லிருந்து நடத்துகிறது. மாநகராட்சி இறப்புப் பதிவை நோயாளிப் பட்டியலோடு பெயர், வயது, முகவரி வைத்துப் பொருத்துவார்கள். பொருத்தம் தவறினால் இறந்தவர் உயிரோடு இருப்பதாகவே கணக்கில் நிற்பார். ஆகவே இறப்பு விகிதத்துக்குப் பதில் புதிய நோயாளிகளின் விகிதத்தை முதலில் ஒப்பிடுங்கள். 2012–16-ல் ஆண்களில் முதலிடம் ஐஸ்வால், லட்சத்துக்கு 269.4. பெண்களில் அருணாச்சலத்தின் பாபும்பாரே, 219.8. அதன்பின் புதிய நோயாளிகள் எண்ணிக்கைக்கு எத்தனை இறப்பு என்ற விகிதம் பாருங்கள். ஒரு பதிவேட்டில் அது மிகக் குறைந்து தெரிந்தால் சிகிச்சையைப் பாராட்டுவதற்கு முன் இறப்புப் பொருத்தலைச் சந்தேகியுங்கள்.

இந்த எண்களை அமெரிக்க எண்களோடு ஒரே அட்டவணையில் வைக்காதீர்கள். இந்தியப் பதிவேடுகள் சீராக்குவது சேகி என்ற ஆய்வாளர் வகுத்த உலகத் தர மக்கள்தொகையில். அதில் 100 பேரில் 65–69 மூவர், 70–74 இருவர், 75–79 ஒருவர், 80–84 அரை, 85+ அரை. மொத்தம் ஏழு. அமெரிக்கத் தரத்தில் 12.6. முதியோர் இறப்பு எவ்வளவு ஏறினாலும் சேகி எண்ணில் பாதி எடைதான் கிடைக்கும். ஒப்பிட்டே தீரவேண்டும் என்றால் இரு பக்கமும் வயதுவாரி விகிதத்தை எடுத்து நீங்களே ஒரே தரத்தில் சீராக்குங்கள். இந்தியப் பக்கம் பல பதிவேடுகள் 75+-ஐ ஒரே கட்டமாக வெளியிடுவதால் அமெரிக்கப் பக்கமும் 75–84, 85+ இரண்டின் இறப்பையும் மக்கள்தொகையையும் கூட்டி ஒன்றாக்க வேண்டியிருக்கும். விகிதங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துவிடாதீர்கள்.