[கலைச்சொல்] இம்பாஸ்தோவுக்குத் தமிழ்?

நண்பர்களே, ஓவியக் கல்லூரிக்குப் பாடம் எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். இயலின் பொருள் உடலுழைப்பும் இறைச்சியும் எண்ணெய் வண்ணத்தில். ரெம்பிராண்ட் 1655இல் வரைந்த உரித்த மாட்டில் கொழுப்பைக் கையால் தொட்டுவிடலாம் போலிருக்கும். வண்ணம் அவ்வளவு தடிப்பு. அந்த உத்திதான் இம்பாஸ்தோ. பத்திக்குப் பத்தி 'தடித்த வண்ணப்பூச்சு' என்று எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஒரே சொல் கிடைக்குமா?
– ந.

---

இத்தாலிய மூலத்துக்கு மாவாகப் பிசைதல் என்று பொருள். ஆகவே 'பிசைவண்ணம்'. சங்க மகளிர் தோளில் சந்தனக் குழம்பால் எழுதிய தொய்யிலையும் மறந்துவிட்டோம். தொய், தோய், துவை எல்லாம் ஓரினம் என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.
– புலவர் கி.

---

ஐயா, நாளை வேண்டாம். தொய்யில் கரும்பும் கொடியுமாக எழுதிய நுண்கோடு. ஓவியர் சூத்தீன் 1925 வாக்கில் பாரிஸில் தன் அறையிலேயே முழு மாட்டைத் தொங்கவிட்டு, நிறம் மங்க மங்க இரத்தம் ஊற்றி வரைந்தவர். நாற்றம் பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். அவர் தூரிகைக்குத் தொய்யிலா? சந்தனம் அப்புகிறோம், சேறு அப்புகிறோம். 'அப்புவண்ணம்' போதும்.
– செ.

---

அப்பு என்றால் நீர். மாணவன் நீர்வண்ணம் என்று படிப்பான்!
– புலவர் கி.

---

எந்த மாணவன்?
– செ.

---

எங்கட பக்கம் அப்பு எண்டால் வீட்டுப் பெரியவர். ஆனாலும் சொல் நல்லாத்தான் இருக்கு.
– யாழ். வ.

---

வேறொன்று. ந., உங்கள் பாட வரைவில் 'மாட்டுச் சடலம்' என்று இருக்கிறது. என் அப்பா கறிக்கடை வைத்திருந்தார். கொக்கியில் தொங்குவதை யாரும் சடலம் என்று சொல்லிக் கேட்டதில்லை. 'உரிச்ச ஆடு' என்பார், வெட்டத் தொடங்கினால் கறி. ஜெர்மானியர் கொரிந்த் தோல் பதனிடுபவரின் மகன். 1893இல் அவர் கசாப்புக்கூடத்தை வரைந்தபோது வேலை செய்யும் ஆட்களும் உள்ளே வந்தார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள்.
– மு.

---

கசாப்பு அரபுச் சொல்.
– புலவர் கி.

---

கடைக்காரருக்கு அது தமிழ்தான் ஐயா.
– மு.

---

அனைவருக்கும் நன்றி. 'சடலம்' போய் 'உரித்த மாடு' வந்துவிட்டது. கொரிந்த் சேர்த்தாயிற்று. 'அப்புவண்ணம்' என்றே அனுப்பிவிட்டேன்; முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் இம்பாஸ்தோ.
– ந.

---

அச்சாகட்டும். அப்பு நீர்தான்.
– புலவர் கி.