ரிசர்வ் ரீபேக்: வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நூறு டாலரா?

நடுவானம்:
எல்லாருக்கும் வணக்கம். இல்லினாய்ஸில் இருக்கிறேன். போன வருடம் ஸ்கைடைவிங்கில் ஏ லைசென்ஸ், அதாவது முதல் உரிமம், முடித்தேன். இதுவரை வாடகை ரிக்கில்தான் (முதுகில் மாட்டும் பாராசூட் செட்) குதித்தேன், இப்போது செகண்ட் ஹேண்டில் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன். அதிலுள்ள ரிசர்வ், அதாவது மெயின் பாராசூட் கைவிட்டால் திறக்கும் மாற்றுப் பாராசூட், பிடி நிறுவனத்தின் 176, 2009-ல் தயாரித்தது. உள்ளே சைப்ரஸ் (ஆள் இழுக்காவிட்டாலும் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) இருக்கிறது. டேட்டா கார்டில் கடைசி ரீபேக் அக்டோபர் 15 என்று எழுதியிருக்கிறது.

இங்கே உள்ள ரிக்கர் (பாராசூட்டைச் சோதித்து மடிக்கும் உரிமம் பெற்றவர்) ஒரு ரீபேக்குக்கு 95 டாலர் கேட்கிறார். குளிர்காலம் முழுக்க ரிக் அலமாரியில் தூங்குகிறது. திறக்கவே திறக்காத பாராசூட்டைப் பிரித்து மறுபடி மடிக்க எதற்கு இவ்வளவு? மெயினை இருபது நிமிடத்தில் நானே மடிக்கிறேன். ரிசர்வையும் கற்றுக்கொண்டு மடித்துவிட்டால் என்ன? வருடம் ஒரு முறை போதாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புநூல்:
தம்பி, நான் சீனியர் ரிக்கர். வார நாளில் ஆபீஸ், வார இறுதியில் லாஃப்ட் (பாராசூட் மடிக்கும் பட்டறை). அதனால் நான் ரிக்கர் பக்கம்தான் பேசுவேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் விதி 105.43-ன்படி நைலான் மாதிரி செயற்கை இழையில் செய்த ரிசர்வை, குதிக்கும் தேதிக்கு முந்தைய 180 நாளுக்குள் சான்றிதழ் பெற்ற ரிக்கர் மடித்திருக்க வேண்டும். மெயினை நீங்களே மடிக்கலாம், ரிசர்வில் அந்தச் சலுகை கிடையாது. தேதி தாண்டிய ரிக்கோடு உங்களை ஏற்றினால் விமானியும் விதியை மீறியவர் ஆகிறார். அதனால்தான் டிராப்சோனில் (குதிக்கும் மைதானம்) கார்டைப் பார்க்காமல் விடமாட்டார்கள். கெஞ்சியும் பயனில்லை.

180 நாள் என்பது ஆறு மாதம் இல்லை என்பதையும் கவனியுங்கள். உங்களுடையது அக்டோபர் 15 என்றால் ஏப்ரல் 13-ஓடு முடிகிறது. சரியாகத் தமிழ்ப் புத்தாண்டுக்கு முதல் நாள்!

இப்போது அந்த 95 டாலர். நான் பார்த்தவரை 80-லிருந்து 110 வரை வாங்குகிறார்கள், உங்கள் ரிக்கர் நடுவில் இருக்கிறார். மூன்று ஜம்ப் டிக்கெட் விலை. நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே கணக்குப் போடுங்கள்.

ரிக்கைக் கொண்டுவருபவரிடம் முதலில் அதை மாட்டிக்கொள்ளச் சொல்வேன். நின்ற இடத்திலேயே ரிசர்வ் கைப்பிடியை இழுக்க வேண்டும். பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் தடவை. ஸ்பிரிங் வைத்த பைலட் சூட் என்ற குட்டிப் பாராசூட் முதுகிலிருந்து துள்ளி நாலடி தள்ளி விழும், ஆளும் கொஞ்சம் துள்ளுவார். கைப்பிடி எவ்வளவு பலத்தில் வருகிறது, எந்தக் கோணத்தில் இழுத்தால் மாட்டுகிறது என்பதைக் கை அப்போதே தெரிந்துகொள்ளும். இந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள், காசு கொடுக்கிறீர்கள் அல்லவா.

பிறகுதான் என் வேலை. ரிசர்வைத் தொங்கவிட்டு ஒவ்வொரு செல்லாக (துணி அறையாக) பார்ப்பேன். கறை, சிறு துளை, தையல் விட்ட இடம். கயிறுகளை ஓட்டிப் பார்ப்பேன். கன்டெய்னரில், அதாவது முதுகுப் பையில், குரோமெட் என்ற உலோக வளையத்தின் ஓரம் கூராகியிருக்கிறதா, ரிப்கார்டு பின் வளைந்திருக்கிறதா, ஆர்எஸ்எல் (மெயினைக் கழற்றிவிட்டதும் ரிசர்வைத் திறக்கும் பட்டை) சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். தயாரிப்பாளர் ஏதாவது சர்வீஸ் புல்லட்டின் விட்டிருக்கிறாரா என்று தேடுவேன். ஒரு கன்டெய்னர் மாடலுக்கு புல்லட்டின் வந்தது உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது என்பது சாதாரணமாக நடப்பதுதான். லூப் தேய்ந்திருந்தால் புதிது போடுவேன், உண்மையில் தேயாவிட்டாலும் பெரும்பாலும் போடுவேன். இரண்டு டாலர் கயிறு அது, ரிசர்வ் முழுவதையும் பூட்டி வைத்திருப்பதும் அதுதான். சைப்ரஸ் சுட்டால் அறுபடுவதும் அதுதான்.

மடிப்பு கடைசியில் வருகிறது. முழங்காலால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றி, பையில் திணித்து மூட வேண்டும். சின்ன கன்டெய்னரில் பெரிய ரிசர்வ் வைத்திருப்பவர்களைத் திட்டிக்கொண்டே மூடுவேன். தொடங்கும் முன் கருவிகளை எண்ணி வைத்து, முடிந்ததும் மறுபடி எண்ணுவேன். மடிப்புக்குள் ஒரு தற்காலிகப் பின்னோ இடுக்கியோ தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியாக சிவப்பு நூலும் ஈய முத்திரையும். முத்திரையில் என் குறியீடு, கார்டில் தேதி, இடம், என் பெயர், சான்றிதழ் எண், கையெழுத்து. அந்தப் பதிவை நான் இரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரமாவது போகும். மடிப்புக் கூலி என்று நினைத்தால் 95 அதிகம். சோதனைக்கும் கையெழுத்துக்கும் என்றால் மலிவு.

பனிக்கட்டி:
ஜெர்மனியிலிருந்து. இங்கே ரிசர்வ் ரீபேக் 12 மாதத்துக்கு ஒரு முறைதான். அதே நைலான், அதே காற்று. அமெரிக்காவில் மட்டும் ஏன் பாதி?

சிவப்புநூல்:
கேட்க வேண்டிய கேள்விதான். இங்கேயும் 2008 டிசம்பர் வரை 120 நாள்தான் இருந்தது, பிறகுதான் 180 ஆக்கினார்கள். நீட்டச் சொன்னவர்களின் வாதம் எனக்கும் சரியாகத்தான் படுகிறது: சும்மா மடிந்து கிடப்பதால் இன்றைய துணி அவ்வளவு கெடுவதில்லை, பிரித்து மடித்துக் கையாள்வதில்தான் தேய்கிறது. ரிசர்வ் துணி காற்றை அதிகம் விடாத வகை. ஒவ்வொரு மடிப்பிலும் அந்தக் குணம் கொஞ்சம் குறைகிறது. பிடி நிறுவனமே தன் ரிசர்வ் 40 முறை மடிக்கப்பட்டாலோ 25 முறை திறந்து பயன்பட்டாலோ தொழிற்சாலைக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்கிறது.

ஆனால் கன்டெய்னர் கதை வேறு. அது வெயில், தூசி, வியர்வை, புல்லில் விழுந்து புரள்வது எல்லாவற்றையும் வாங்குகிறது. எனக்கு ரீபேக்கில் அகப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை ரிசர்வில் இல்லை, அதைச் சுற்றியுள்ளவற்றில்தான். அதனால் வார இறுதி தவறாமல் குதிப்பவருக்கு ஒரு வருடம் நீளம் என்பது என் அபிப்பிராயம். வருடத்தில் பத்து முறை குதிப்பவருக்கு ஜெர்மன் விதி போதும் என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

நடுவானம், உங்கள் ரிசர்வின் லேபிளில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு ரீபேக்குக்கும் ரிக்கர் ஒன்றைக் குறிப்பார். எத்தனை ஆகியிருக்கிறது என்று ரிக்கரிடம் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். சைப்ரஸ் எந்த வருடத்தியது?

நடுவானம்:
நன்றி அக்கா. ரிக்கை ரிக்கரிடம் திறந்தே பார்த்துவிட்டேன். 27 கட்டம் குறித்திருக்கிறது. சைப்ரஸ் 2017. கைப்பிடியை இழுக்கவும் சொன்னார், நீங்கள் சொன்ன மாதிரியே துள்ளினேன். ரிக்கர் லைசென்ஸ் எடுத்தால் லாபமா என்றும் சொல்லிவிடுங்கள்.

சிவப்புநூல்:
அப்படியானால் 13 மடிப்பு மிச்சம், கவலை இல்லை. ஆனால் 20 வயது தாண்டிய ரிசர்வைத் தொடமாட்டேன் என்று சொல்லும் ரிக்கர்கள் இருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, அவர்கள் கையெழுத்து அவர்கள் இஷ்டம். ரிக்கை விற்கும் நாளில் இது விலையில் தெரியும்.

சைப்ரஸும் நல்லது. 2016-லிருந்து வந்தவற்றுக்கு ஆயுள் பதினைந்தரை வருடம். 5, 10-ஆம் வருடச் சோதனை சிபாரிசுதான், கட்டாயமில்லை. ரிக்கோடு சேர்ந்து 2009-ல் வந்த சைப்ரஸாக இருந்திருந்தால் எப்போதோ காலாவதி, ஆயிரம் டாலருக்கு மேல் தனிச் செலவு. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான், 95 டாலருக்கு இல்லை.

ரிக்கர் லைசென்ஸுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரே வகைப் பாராசூட்டில் குறைந்தது 20 மேற்பார்வையில் மடித்திருக்க வேண்டும், எழுத்து, வாய்மொழி, செய்முறைத் தேர்வுகள் உண்டு. பயிற்சிக் கட்டணம், கருவிகள், விடுமுறை எல்லாம் சேர்த்தால் உங்கள் ஒரு ரிக்கை வைத்து அந்தப் பணத்தைப் பல வருடம் எடுக்க முடியாது. ஆசைக்காகப் படியுங்கள், தாராளமாக. சிக்கனத்துக்காக வேண்டாம்.

சிக்கனத்துக்கு வேறு வழி உண்டு. குளிர்காலத்தில் குதிக்கப் போவதில்லை என்றால் அக்டோபர் கடைசியில் ரீபேக் செய்யாதீர்கள். தேதி தாண்டிய ரிக் அலமாரியில் இருப்பது குற்றமில்லை, அதோடு குதிப்பதுதான் குற்றம். ஏப்ரல் 5-ல் மடித்தால் அக்டோபர் 2 வரை வரும், உங்கள் சீசனில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு அரிசோனா, புளோரிடா போகும் ஆசை இருந்தால் மட்டும் இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள். மெயின் ரைசரில் (மெயினை ரிக்கோடு இணைக்கும் பட்டை) இருக்கும் மூன்று வளையத்தை மாதம் ஒரு முறை கழற்றி, பட்டையை வளைத்து மிருதுவாக்குவது மட்டும் உங்கள் வேலை. அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிக்கர் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஏப்ரலில்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். என் லாஃப்டில் அப்போது ரிக் வரிசைகட்டி நிற்கும். உங்கள் ரிக்கரிடம் மார்ச்சிலேயே நாள் சொல்லி வையுங்கள்.