சிகாகோவுக்கு 50 ஆல்டர்மேன் எதற்கு? பாதியாகக் குறைத்தால் என்ன?

பனிக்காத்தாடி:
சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் ஏறக்குறைய 39 லட்சம் பேர், கவுன்சிலில் 15 பேர்தான். நம் சிகாகோவில் 27 லட்சம் பேருக்கு 50 ஆல்டர்மேன், அதாவது வார்டுக்கு ஒரு கவுன்சில் உறுப்பினர். 1923இல் வந்த எண்ணிக்கை இது, அதற்கப்புறம் யாரும் தொடவே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அலுவலகம், ஊழியர்கள், போதாதென்று வார்டில் ரோடு, நடைபாதை, தெருவிளக்கு போட ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் 'மெனு' பணம் வேறு. இதற்கெல்லாம் பலன் என்ன? 1970களிலிருந்து இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட ஆல்டர்மேன்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வாங்கியிருக்கிறார்கள். எட் பர்க் 1969இலிருந்து 2023 வரை 14ஆவது வார்டைக் கையில் வைத்திருந்தார், நிதிக் குழுத் தலைவர், ஒரு பர்கர் கடை தன் கட்டடத்தைப் புதுப்பிக்க அனுமதி கேட்டால்கூட அவர்களுடைய சொத்து வரி வழக்குகள் தன் சட்ட அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று நெருக்கினார். 2023 டிசம்பரில் 14 குற்றச்சாட்டில் 13 நிரூபணமாகி அடுத்த ஆண்டு இரண்டாண்டு சிறைத் தண்டனை. 25 போதும் என்பது என் கட்சி. எதிர்ப்பவர்கள் வாருங்கள்.

ரோஜர்ஸ்பார்க்_மீனா:
வந்துவிட்டேன். லாஸ் ஏஞ்சலஸை உதாரணம் காட்டும் முன் அங்கே என்ன நடந்தது என்று பார்த்தீர்களா? 15 பேர் கவுன்சிலில் ஒருவரான ஹோசே ஹுய்சார், டவுன்டவுனில் கட்டடம் கட்ட வந்தவர்களிடம் லஞ்சம் வாங்கி 13 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 2022 அக்டோபரில் ஒரு ஒலிப்பதிவு வெளியானதே, தொகுதி எல்லைகளை எப்படி வளைப்பது என்று மூடிய அறையில் இனவெறிப் பேச்சோடு பேசிக்கொண்டிருந்தது, அதில் கவுன்சில் தலைவர் நூரி மார்ட்டினஸ் பதவியையே விட வேண்டியதாயிற்று. அந்த ஊர்க்காரர்களே இப்போது 15 போதாது, கூட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் குறைந்தால் ஊழல் குறையும் என்பதற்கு நீங்கள் காட்டிய சாட்சியே உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது.

அங்கே ஒரு தொகுதிக்கு சுமார் 2.6 லட்சம் பேர். இங்கே ஒரு வார்டுக்கு 55 ஆயிரம். என் ஆல்டர்மேனை மளிகைக் கடையில் பார்த்து, "அந்தச் சந்தில் விளக்கு எரியவில்லை" என்று சொல்ல முடிகிறது. மெனு பணத்தைக் கிண்டல் செய்தீர்கள், எங்கள் 49ஆவது வார்டில் 2009இல் ஜோ மூர் அந்தப் பணத்தை எதில் செலவழிப்பது என்று வார்டு மக்களையே ஓட்டுப் போடச் சொன்னார். பங்கேற்பு பட்ஜெட் என்ற அந்த முறை அமெரிக்காவில் முதல்முதலாக நடந்தது இங்கேதான். 25 வார்டு ஆக்கினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு ஒருவர். அவரை மளிகைக் கடையில் பார்க்க முடியாது, போஸ்டரில்தான் பார்க்க முடியும்.

நேப்பர்வில்_அப்பா:
சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் நேப்பர்வில் ஊரில் கவுன்சிலுக்கு எட்டுப் பேர், அதற்கு மேல் மேயர், அவ்வளவுதான். கட்சிச் சின்னம் கிடையாது. அன்றாட நிர்வாகத்தைச் சம்பளத்துக்கு வைத்த நகர மேலாளர் பார்த்துக்கொள்கிறார். பனி விழுந்தால் காலைக்குள் ரோடு சுத்தமாக இருக்கும். இந்த 50 பேர் கதையெல்லாம் எங்களுக்குப் புரிவதே இல்லை.

ரோஜர்ஸ்பார்க்_மீனா:
அண்ணா, ஒன்றரை லட்சம் பேர் வசிக்கும் ஊருக்கு மேயரையும் சேர்த்து ஒன்பது பேர். கணக்குப் போட்டால் தலைக்குப் பதினேழாயிரத்துக்கும் குறைவு! அந்த விகிதத்தை சிகாகோவுக்கு வைத்தால் 160 பேருக்கு மேல் வேண்டும். எங்கள் பக்கம் வாதாடியதற்கு நன்றி.

நேப்பர்வில்_அப்பா:
அம்மா, எங்கள் எட்டுப் பேரும் ஊர் முழுக்க ஓட்டு வாங்கி வருகிறவர்கள். "இது என் வார்டு, என்னைக் கேட்காமல் செங்கல் வைக்காதே" என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்ல வந்தது அதை. தலைக்கணக்கு போட்டது நீங்கள்.

டெவன்வாசி:
இதுவரை பேசியதில் நேப்பர்வில் அண்ணா சொன்னதுதான் உருப்படியான விஷயம், எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அதைத் தாண்டிப் போகிறீர்கள். சிகாகோவில் சட்டப் புத்தகத்தில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. தன் வார்டில் எந்த நிலத்தில் என்ன வரலாம், எந்தக் கடைக்கு லைசென்ஸ், எந்த முனையில் அடுக்குமாடி என்று எல்லாவற்றிலும் அந்த வார்டு ஆல்டர்மேன் சொல்வதுதான் முடிவு, மற்ற 49 பேரும் குறுக்கே வர மாட்டார்கள். நாளை அவர்கள் வார்டில் இவர் குறுக்கே வராமல் இருக்க வேண்டுமே! பர்க் அந்தப் பர்கர் கடையைப் பிடித்ததும் இந்தப் பிடியில்தான். 2019 மே மாதம் லோரி லைட்ஃபுட் மேயராகப் பதவியேற்ற அன்றே இதற்கு எதிராக உத்தரவு போட்டார். லைசென்ஸ், பெர்மிட் விஷயத்தில் துறைகள் ஆல்டர்மேனிடம் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்றார். ஆனால் சோனிங், அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதி, கவுன்சில் ஓட்டுக்கு வருவது, அதை மேயர் ஒரு கையெழுத்தில் பிடுங்க முடியாது, அது அப்படியே இருக்கிறது.

வாடகை கம்மியான வீடுகள் கட்ட யாராவது வந்தால் வெள்ளைக்காரர்கள் அதிகம் உள்ள வார்டுகளில் இந்த அதிகாரத்தை வைத்து முடக்கிவிடுகிறார்கள் என்று குடியிருப்பு அமைப்புகள் புகார் கொடுத்து, 2023இல் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையே இந்த வழக்கம் இனப் பிரிவினையை வளர்க்கிறது என்று கடிதம் எழுதியது. இப்போது சொல்லுங்கள் பனிக்காத்தாடி சார், 50 குட்டி ராஜாக்களை 25 பெரிய ராஜாக்கள் ஆக்கினால் யாருக்கு லாபம்? பர்க்குக்கு இரண்டு மடங்கு வார்டு கொடுத்திருந்தால் பர்கர் கடையோடு நின்றிருப்பாரா?

பனிக்காத்தாடி:
25 பேர் என்றால் பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொருவரையும் கண்காணிக்க முடியும் சார். இப்போது 50 பேரில் பாதிப் பேரின் பெயரே யாருக்கும் தெரியாது, தெரியாததால்தான் தப்புகிறார்கள். இன்னொன்று, வார்டு பெரிதானால் அதற்குள் பணக்காரத் தெருவும் இருக்கும் ஏழைத் தெருவும் இருக்கும், ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. அடுக்குமாடி வேண்டாம் என்று கத்தும் நாற்பது பேருக்குப் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன வியாதிக்கு நான் சொல்வதுதான் மருந்து.

அப்புறம் அந்த மகா கூட்டம் செய்த மகா காரியத்தை யாரும் பேசவில்லையே? பார்க்கிங் மீட்டர்!

லூப்_கணக்கன்:
மீட்டர் என்று சொன்னதால் வந்தேன், இந்தக் கதையைப் பாதி தெரிந்துகொண்டு எல்லோரும் பேசுகிறார்கள். 2008 டிசம்பர் தொடக்கத்தில் மேயர் ரிச்சர்ட் டேலி திடீரென்று அறிவித்தார்: ஊரில் உள்ள 36,000 மீட்டரையும் மார்கன் ஸ்டான்லி தலைமையிலான ஒரு முதலீட்டுக் கூட்டத்துக்கு 75 ஆண்டு குத்தகைக்கு விடுகிறோம், கைக்கு வருவது 115 கோடி டாலர். அறிவித்த இரண்டே நாளில் ஓட்டு. 40க்கு 5 என்று நிறைவேறியது. அடுத்த ஆண்டு நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் டேவிட் ஹாஃப்மன் கணக்குப் பார்த்து, அந்த மீட்டர்களின் மதிப்பு வாங்கிய தொகையைவிடச் சுமார் 97 கோடி டாலர் அதிகம் என்று அறிக்கை கொடுத்தார். வந்த பணத்தில் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளுக்குள் பட்ஜெட் ஓட்டையை அடைக்கத் தின்றுவிட்டார்கள். குத்தகை 2083 வரை. முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள், அறுபது ஆண்டு போல இன்னும் மிச்சம்.

நகர மையமான லூப்பில் ஒரு மணி நேரத்துக்கு 3 டாலராக இருந்தது 2013இல் 6.50 ஆனது, வெளிப் பேட்டைகளில் 25 சென்ட் போட்ட இடத்தில் 2 டாலர். அதைவிடக் கொடுமை, நகரம் ஏதாவது வேலைக்கோ திருவிழாவுக்கோ தெருவை அளவுக்கு மேல் மூடினால் அந்த மீட்டர் வருமானத்தை நாமே கம்பெனிக்குக் கட்ட வேண்டும். ஒரு தெருவில் சைக்கிள் பாதை போடலாமா என்று யோசிக்கும்போதுகூட மீட்டரை எண்ணித்தான் யோசிக்க வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வாசலில் நிற்க அனுமதி கேட்கும் நிலைமை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த 40 பேர் ஏன் கை தூக்கினார்கள்? இரண்டு நாளில் 75 ஆண்டு ஒப்பந்தத்தைப் படித்து மதிப்புப் போட அவர்களிடம் ஆளே இல்லை. எண்கள் அத்தனையும் மேயரின் நிதித்துறை கொடுத்தவை. குழுத் தலைவர் பதவி யாருக்கு என்று முடிவு செய்வதும் நடைமுறையில் மேயர்தான், அதனால் கேள்வி கேட்டவனுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கவுன்சிலுக்கென்று தனியாக ஒரு நிதி ஆய்வு அலுவலகம் வேண்டும் என்று தீர்மானம் போட்டதே 2013இல்தான். 50 பேர் இருந்தாலும் 25 பேர் இருந்தாலும் மேயர் நீட்டிய தாளைப் படிக்கக் கணக்குத் தெரிந்தவன் பக்கத்தில் இல்லை என்றால் அதே கைதான் தூக்கும்.

ரோஜர்ஸ்பார்க்_மீனா:
எதிர்த்த அந்த ஐந்து பேரை விட்டுவிட்டீர்களே. ஸ்காட் வாகெஸ்பேக் அப்போதுதான் 2007இல் ஜெயித்து வந்த புது ஆள், டோனி ப்ரெக்விங்கிள் அந்தப் பட்டியலில் இருந்தார். 15 பேர் கவுன்சிலாக இருந்திருந்தால் அந்த ஐந்து எதிர்ப்புக் குரல் ஒன்றரை ஆகியிருக்கும். மேயருக்கு 8 பேரை மடக்குவது சுலபமா, 26 பேரை மடக்குவது சுலபமா?

பனிக்காத்தாடி:
40 பேரை மடக்க டேலிக்கு இரண்டு நாள்தான் ஆயிற்று மேடம்.

டெவன்வாசி:
அது டேலி காலம். 1983இல் ஹெரால்ட் வாஷிங்டன் முதல் கறுப்பின மேயராக வந்தபோது இதே 50 பேர் கவுன்சிலில் 29 பேர் எட் வ்ர்டோலியாக் என்ற ஆல்டர்மேன் பின்னால் போய், இந்தப் பக்கம் 21 பேர் நின்று, மேயர் நியமித்தவர்களைக்கூட உட்கார விடாமல் மூன்று ஆண்டு சண்டை போட்டார்கள். நீதிமன்ற உத்தரவின்படி வார்டு எல்லைகளைத் திருத்தி 1986இல் சில வார்டுகளில் மறுதேர்தல் நடத்திய பிறகுதான் கணக்கு மாறியது. கவுன்சில் எப்போதும் தலையாட்டும் என்பதும் உண்மையில்லை, எப்போது தலையாட்டக் கூடாதோ அப்போது ஆட்டும் என்பதுதான் என் புகார்.

எல்லை வரைவது என்றதும் இன்னொன்று. 2022இல் வந்த வரைபடத்தில்தான் 11ஆவது வார்டு ஆசிய அமெரிக்கர்கள் பெரும்பான்மையாக உள்ள முதல் வார்டு ஆனது, சைனாடவுன் மக்கள் எத்தனையோ ஆண்டு கேட்டுக் கேட்டு வாங்கியது. 25 வார்டு ஆக்கினால் அது முதலில் கரையும். டெவன் அவென்யூவில் கடை வைத்திருக்கும் நம் ஆட்களும் குஜராத்திகளும் பாகிஸ்தானியர்களும் ஒரே வார்டில் இருந்தும் பெரிதாகக் குரல் எடுக்கவில்லை, இரண்டு மடங்கு வார்டில் எங்கே எடுப்பது?

பனிக்காத்தாடி:
சரி, வேறு மாதிரி கேட்கிறேன். 2024 நவம்பரில் மேயர் பிராண்டன் ஜான்சன் கேட்ட 30 கோடி டாலர் சொத்து வரி உயர்வை 50க்கு 0 என்று தோற்கடித்தார்கள். எல்லோரும் கைதட்டினீர்கள். அடுத்த மாதம் பட்ஜெட் 27க்கு 23 என்று தத்தித் தத்தி நிறைவேறியது. வரி வேண்டாம் என்ற அந்த 50 பேரில் எத்தனை பேர் எங்கே செலவைக் குறைப்பது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்? 50 பேருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை.

லூப்_கணக்கன்:
இந்த இடத்தில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். ஆனால் பெரிய நகரங்களில் தனக்கென்று சாசனம், அதாவது நகர ஆட்சிக்கான அடிப்படைச் சட்டம், இல்லாத நகரம் சிகாகோ. எந்த அதிகாரம் மேயருக்கு, எது கவுன்சிலுக்கு, குழுத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் மாநிலச் சட்டத்திலும் பழக்கத்திலும் சிதறிக் கிடக்கிறது. அதை எழுதி மக்கள் ஓட்டுக்கு விடாமல் எண்ணிக்கையை மட்டும் வெட்டினால் மேயர் கை ஓங்கும், அவ்வளவுதான். சாசனத்தோடு சேர்த்து 35 என்று கேட்டால் நான் கையெழுத்துப் போடுவேன். 25க்கு மாட்டேன்.

பனிக்காத்தாடி:
சாசனம் எழுத ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஆள் போட ஒரு சண்டை, அதற்குள் மீட்டர் குத்தகையே முடிந்துவிடும் சார். நான் 25இல்தான் நிற்கிறேன்.

ரோஜர்ஸ்பார்க்_மீனா:
நில்லுங்கள். ஆனால் நிற்கிற இடத்தில் மீட்டருக்குக் காசு போட மறக்காதீர்கள்.