பைக்கின் பின் ஷாக் (அதிர்வு தாங்கும் ஷாக் அப்சார்பர்) போனால் இடுப்பு வலி மட்டும்தானா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாமக்கல் | 150 சிசி, இரண்டு ஷாக்

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது நடந்ததை எழுதுகிறேன். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. பின்னால் மனைவி, டேங்க் மேல் ஒரு பை. செம்மேட்டில் கிளம்பும்போது வண்டி சரியாகத்தான் இருந்தது. பாதி வளைவுகள் தாண்டியதும் பின்பக்கம் அலையத் தொடங்கியது. ஒட்டுப்போட்ட தாரில் ஏறினால் வண்டி ஒரு முறை அமுங்கி, எழுந்து, நின்றுவிட வேண்டும். இது எழுந்து மறுபடி அமுங்கியது, மறுபடி எழுந்தது. ஒரு வளைவில் பின் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் சரக்கென்று வழுக்கி, வண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. அந்த நேரத்தில் மேலே ஏறி வரும் பஸ் எதுவும் இல்லை, தப்பித்தோம்.

ஓரங்கட்டி நெடுநேரம் நின்றோம். திரும்ப எடுத்தபோது ஆட்டம் ஓரளவு அடங்கியிருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மறுநாள் காலை சர்வீஸ் சென்டரில் சீட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார்கள். ஆறிப்போன ஷாக்கை அழுத்தினால் அப்படித்தான் தெரியும்.

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில். பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கிக்கொண்டு போகும்போது துள்ளல் சூடாக மாறிக் கரைகிறது. ஆயில் கசிந்து குறைந்து, காற்று கலந்து நுரைத்துவிட்டால், சூடு ஏற ஏற அந்த அடக்கும் வேலை நின்றுவிடும். அப்போதும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். வண்டியின் உயரம் குறையாது, உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் துள்ளுகிற சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. எழும்பிய கணத்தில் பிரேக்குக்கும் பிடிப்பில்லை, வளைவுக்கும் பிடிப்பில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும், தரையில் படாத டயரை வைத்து அது என்ன செய்ய முடியும்?

பிறகு பார்த்தால் இடது ஷாக்கின் ராடைச் சுற்றிப் பிசுபிசுப்பாகத் தூசி அப்பியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு ஒரு சுற்று போய் வந்தேன், மறுபடி ஈரம். இரண்டையும் ஜோடியாக மாற்றிவிட்டேன். பிரேக் கட்டை தேய்ந்தால் உடனே பதறுகிறோம், பின் ஷாக்கை மட்டும் சொகுசுச் சாமான் கணக்கில் வைத்திருக்கிறோம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். டபுள்ஸ் போகிறவர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒட்டன்சத்திரம் | 100 சிசி, காய்கறி லோடு

எனக்கு உடைஞ்சே போச்சுங்க. மார்க்கெட்டுக்கு மூட்டை ஏத்திட்டுப் போறப்ப, ஊர் எல்லையில வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை. சாலைக்கு அளவு வகுக்குற இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்ற அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். இங்க போட்டு வச்சிருக்கிறது குறுக்கச் செவுரு கட்டுன மாதிரி. ஏறி இறங்கறப்ப படார்னு சத்தம், வண்டி ஒரு பக்கமா சாஞ்சுபோச்சு. இடது ஷாக்கோட கீழ்க் காது, அதான் போல்ட்டு மாட்டுற வளையம், தெறிச்சிருந்துச்சு. மெதுவா வந்ததால கால ஊனி நிறுத்திட்டேன்.

மெக்கானிக் ஒண்ணு காட்டினாருங்க. பழைய வண்டியா வாங்கினது. ஸ்பிரிங்குக்குக் கீழ, அத இறுக்கித் தளர்த்துற படி வளையம் ஒரு பக்கம் ரெண்டுலயும் ஒரு பக்கம் அஞ்சுலயும் இருந்துச்சு. பாரமெல்லாம் ஒரே பக்கம் விழுந்து, பின் சக்கரத்தப் பிடிச்சிருக்குற ஸ்விங் ஆர்மை முறுக்கிட்டே இருந்திருக்கு. செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்கறவங்க, ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கான்னு முதல்ல பாத்துக்குங்க.

கோவை | மோனோ ஷாக் (பின்னால் ஒற்றை ஷாக்)

என் வண்டியில் கசிவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகில் குத்து விழும். கழற்றிப் பார்த்தபோது ஷாக் நன்றாக இருந்தது, ஷாக்கை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் லிங்கின் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. அடிக்கடி வேகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடுமாம். லிங்க் உள்ள மோனோ ஷாக் வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸில் அதைக் கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் செய்வதில்லை.

மதுரை | பட்டறை

நாமக்கல் அண்ணே சொன்னது ரொம்பச் சரி, சூடா இருக்கும்போதுதான் பாக்கணும். மேடு பள்ளத்துல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, வண்டிய நேரா நிமித்திப் பிடிச்சு, பின் கம்பிய நல்லா அமுக்கி விடுங்க. மேல வந்து நின்னுட்டா சரி. திரும்ப ஆடுனா ஆயில் வேலை செய்யலைனு அர்த்தம். அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. டக்குனு ஆட்டம் தெரிஞ்சா ஸ்விங் ஆர்ம் புஷ்ஷா இருக்கும், இல்லேனா வீல் பேரிங். ஷாக்க மாத்திட்டு "இன்னும் ஆடுதேண்ணே"ன்னு திரும்பி வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு இதான் கோளாறு.

ஆட்டம் வந்ததும் படிய ஏத்தி வச்சுக்கிட்டு ஓட்டுறாங்க. அது ஸ்பிரிங்கத்தான் இறுக்கும், போன ஆயில் திரும்பி வராது. துள்ளல் கூடத்தான் செய்யும்.

சீல் மாத்தி ஆயில் ஊத்தித் தர்ற இடங்கள் இருக்கு. கழட்டுற மாதிரி செஞ்ச ஷாக்கா இருந்து, கம்பெனி சொன்ன ஆயிலையே ஊத்துனா பரவாயில்ல. கேஸ் ஷாக்ல மட்டும் கை வைக்க விடாதீங்க. உள்ள நைட்ரஜன் அழுத்தத்துல இருக்கும். துளை போட்டாலோ வெல்டிங் வச்சாலோ தெறிச்சு ஆளக் காயப்படுத்திரும். கசியுற ஆயில் டயர்லயோ டிஸ்க்லயோ பட்டிருந்தா வண்டிய அங்கயே நிறுத்திட்டு எங்களக் கூப்பிடுங்க, ஓட்டிட்டு வராதீங்க.

திருச்சி | ஸ்கூட்டர்

அம்மா ஓட்டும் ஸ்கூட்டரில் பின்னால் ஒரே ஒரு ஷாக்தான். வேகத்தடையில் இறங்கும்போது அடியில் இடிக்கிற சத்தம் வருகிறது. தம்பியைப் பள்ளிக்கு அதில்தான் கொண்டுபோய் விடுகிறார். அவசரமா, அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாமா?

மதுரை | பட்டறை

அடுத்த சர்வீஸ் வரைக்கும் வேணாம்மா, இந்த வாரமே காட்டிருங்க. ரெண்டு ஷாக் வண்டியில ஒண்ணு போனா இன்னொண்ணு வீடு வரைக்காவது இழுத்துட்டு வரும். இதுல அந்தத் துணை கிடையாது. மேல் போல்ட்டு, கீழ் போல்ட்டு, ரப்பர் புஷ் மூணையும் பாக்கச் சொல்லுங்க. சில நேரம் புஷ் மட்டும் நைஞ்சிருக்கும், செலவு கம்மிதான். பின் டயரத் தடவிப் பாருங்க, அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா டயரையும் சேத்தே மாத்திருங்க. இல்லேனா புது ஷாக் போட்டாலும் தடதடன்னுதான் ஓடும். வேலை முடிஞ்சதும் ஒரு ஆளப் பின்னாடி உக்கார வச்சு நீங்களே ஓட்டிப் பாத்துட்டு, அப்புறம் அம்மாகிட்ட வண்டியக் குடுங்க.