மணிக்கட்டு குணமாகிவிட்டது, ஆட்டம் மட்டும் ஏன் இன்னும் திரும்பவில்லை?

பின்கோடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தொழில்முறை டென்னிஸின் கீழ்நிலைப் போட்டிகளில் ஒற்றையர் ஆடிவருபவன் நான், வலக்கை ஆட்டக்காரன். வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்து, அரை ஆண்டுக்கும் மேலாக எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாமல் இருந்துவிட்டு, மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சம்மதித்த பின்னரே களத்துக்குத் திரும்பினேன். வலி என்று சொல்லும்படி இப்போது எதுவும் இல்லை. பயிற்சியில் ஃபோர்ஹேண்ட் (எனக்கு வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி) பழைய வேகத்திலேயே வருகிறது என்று எனக்கு எதிரே நின்று அடிப்பவர்களே கூறுகிறார்கள்.

போட்டி என்று வந்துவிட்டால் நிலைமை வேறாகிவிடுகிறது. 30-30 என்ற கட்டத்திலோ, சர்வீஸ் செய்பவர் அந்த கேமை இழக்கும் விளிம்பில் நிற்கும் பிரேக் பாயின்ட்டிலோ, தோள் உயரத்துக்கு எழும்பி வரும் பந்தை அடிக்கப் போகும்போது, கை பாதி வழியில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பந்து சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழ, எதிராளி உள்ளே நகர்ந்து வந்து புள்ளியை முடித்துவிடுகிறார். முதல் செட்டை 6-4, 7-5 என்று நெருக்கமாக இழப்பதும், இரண்டாவது செட்டில் 6-1 என்று சரிந்துபோவதும் வழக்கமாகிவிட்டது. காயத்துக்கு முன் நான் பெரிய சிரமமின்றி வென்றவர்களிடமே இப்படித் தோற்கிறேன்.

இதற்குக் காரணம் உடலா, மனமா என்று எனக்குத் தெளிவாகவில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று தொடர்ந்து போட்டிகளில் ஆடுவதா, அல்லது சில மாதங்கள் ஒதுங்கிப் பயிற்சியை மட்டும் பார்ப்பதா என்பது இரண்டாவது குழப்பம். மணிக்கட்டுக் காயத்திலிருந்து அர்ஜென்டினா வீரர் டெல் போட்ரோ மீண்டுவந்தார். ஆஸ்திரிய வீரர் டொமினிக் தீம் பழைய நிலைக்கு வரவே இல்லை. இந்த இருவருக்கும் இடையிலான வேறுபாடு எதில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மட்டைப்பிடி:

நான் பயிற்சியாளராக இருப்பவன். காயத்திலிருந்து திரும்பும் ஆட்டக்காரர்கள் பலரும் தங்கள் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கால்களை.

பயிற்சியில் பந்து எங்கே வரும் என்பது உங்களுக்கு ஏறக்குறைய தெரியும். மூலைக்கு மூலை குறுக்காக அடிக்கும் கிராஸ் கோர்ட் பயிற்சி என்றால் பந்து கிராஸ் கோர்ட்டில்தான் வரப்போகிறது. போட்டியில் அந்தச் சலுகை இல்லை. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸ் உங்களை அடைய அரை விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரம்தான் ஆகும். அதற்குள் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, காலை நகர்த்தி, ராக்கெட்டைச் சுழற்றுவது எவராலும் இயலாத காரியம். எதிராளி பந்தை மேலே எறியும் இடம், அவருடைய தோள் திரும்பும் கோணம் ஆகியவற்றிலிருந்து பாதி விடையை முன்கூட்டியே ஊகித்துக்கொள்வதால்தான் நல்ல ஆட்டக்காரர்களால் ரிட்டர்ன் செய்ய முடிகிறது. இந்த ஊகம் போட்டிகளில் மட்டுமே கூர்மையாகும். போட்டி இல்லாத மாதங்களில் வேறு எதையும்விட விரைவாக மழுங்குவதும் இதுதான்.

ஊகம் தாமதமானால் கால் தாமதமாகும். கால் தாமதமானால், உடலுக்கு முன்னால் சந்திக்க வேண்டிய பந்தை இடுப்புக்குப் பக்கவாட்டில் சந்திக்க நேரிடும். அங்கிருந்து பந்தை ஆழமாக அனுப்ப வேண்டுமானால் மணிக்கட்டைச் சொடுக்கியாக வேண்டும். காயம்பட்ட மணிக்கட்டு அதற்கு இணங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே நீங்கள் 'பயம்' என்று நினைப்பது, என் பார்வையில், தாமதமாக வந்து சேர்ந்ததற்கு உடல் காட்டும் நியாயமான எதிர்வினை. உங்கள் ஆட்டத்தை ஒருமுறை கைப்பேசியில் பின்புறத்திலிருந்து பதிவு செய்யுங்கள். எதிராளியின் ராக்கெட்டில் பந்து படும் கணத்தில் உங்கள் ஸ்பிளிட் ஸ்டெப் (எந்தப் பக்கமும் நகரத் தயாராக எடுக்கும் சிறு துள்ளல்) எங்கே இருக்கிறது என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஒதுங்கிப் பயிற்சி செய்வதா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஆனால் இங்கே ஒரு கொடுமை இருக்கிறது. டென்னிஸ் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடப்பவை. 32 பேர் ஆடும் போட்டியில் 16 பேர் ஒரே ஓர் ஆட்டத்தோடு வீடு திரும்புகிறார்கள். நன்றாக ஆடுகிறவருக்கு வாரத்துக்கு நான்கைந்து ஆட்டங்கள் கிடைக்கின்றன. ஆட்டம் மிகவும் தேவைப்படுகிற உங்களுக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. அடுத்த வாரமும் அதே ஒன்று. இந்தச் சுழலை உடைக்காமல் ஃபோர்ஹேண்டை மட்டும் சீர்செய்து பயனில்லை.

ஆண்டி முர்ரே இதை எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்தப்பட்ட பிறகு, ஜூன் மாதம் குயின்ஸ் கிளப்பில் அவர் இரட்டையர் பிரிவில்தான் முதலில் இறங்கினார். ஃபெலிசியானோ லோபஸுடன் சேர்ந்து பட்டத்தையும் வென்றார். ஆகஸ்ட்டில் சின்சினாட்டியில் ஒற்றையருக்குத் திரும்பியபோது முதல் சுற்றிலேயே ரிச்சர்ட் காஸ்கேயிடம் தோற்றார். அதன் பிறகு அமெரிக்க ஓபனில் ஆடாமல், மயோர்காவில் நடந்த சேலஞ்சர் போட்டிக்கு, அதாவது முதன்மைப் போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள போட்டிக்கு, சென்றார். மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்ற ஒருவர், கிராண்ட் ஸ்லாம் நடக்கும் அதே சமயத்தில் சேலஞ்சரில் ஆடுவதென்றால் கௌரவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஆட்டங்களைத் தேடிப் போகிறார் என்று பொருள். அங்கும் அவர் பட்டம் வெல்லவில்லை. இரண்டு ஆட்டங்களில் வென்று மூன்றாவது சுற்றில் வெளியேறினார். அக்டோபரில் ஆண்ட்வெர்ப் இறுதிப்போட்டியில் வாவ்ரிங்காவை வென்றார்.

இயன்முறையர்:

மேலே எழுதிய பயிற்சியாளரின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் உடலை இவ்வளவு விரைவாக விடுவித்துவிடக் கூடாது. இரண்டாவது செட்டில் 6-1 என்று சரிவதாக நீங்கள் எழுதியிருப்பதுதான் என் கண்ணில் பட்டது. ஊகம் மட்டுமே குறை என்றால் அது முதல் செட்டிலிருந்தே தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஆட்டம் விழுகிறது என்றால், முன்கைத் தசைகளின் தாங்கும் திறனைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வலி இல்லை என்பதும் வலிமை திரும்பிவிட்டது என்பதும் வெவ்வேறு செய்திகள். பிடியின் வலிமையையும், உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும் வலிமையையும் இடக்கையோடு ஒப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்; அந்த அளவீட்டை ஓய்வாக இருக்கும்போது ஒரு முறையும், ஒன்றரை மணி நேரம் ஆடி முடித்த கையோடு ஒரு முறையும் எடுக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போது எடுத்த அளவை மட்டும் பார்த்துத்தான் பலருக்கும் சம்மதம் கொடுக்கப்படுகிறது.

பயிற்சியில் அடிக்கும் சர்வீஸ், ஃபோர்ஹேண்ட் எண்ணிக்கையையும் போட்டியில் அடிக்கும் எண்ணிக்கையையும் ஒரு வாரம் குறித்துவையுங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அதைச் சிறிது சிறிதாக, வாரக் கணக்கில் நிரப்ப வேண்டும். தோல்வியின் கோபத்தில் மறுநாளே கூடை கூடையாகப் பந்து அடிப்பதுதான் பழைய காயத்தை மீண்டும் கிளறுகிறது. ராக்கெட்டில் விறைப்பான பாலியஸ்டர் நரம்பு கட்டியிருந்தால், மிருதுவான நரம்புக்கு மாறுவதையோ இழுவிசையைக் குறைப்பதையோ உங்கள் பயிற்சியாளருடன் பேசிப் பாருங்கள்.

டெல் போட்ரோ, தீம் ஒப்பீடு அவ்வளவு எளிதன்று. தீமுக்கு 2021 ஜூனில் காயம்பட்டது வலது மணிக்கட்டு. நீண்ட வீச்சில், கடும் சுழற்சியோடு அடிக்கும் அந்த ஃபோர்ஹேண்ட்தான் அவருடைய ஆட்டத்தின் முதுகெலும்பு. 2022 மார்ச்சில் மார்பெல்யா சேலஞ்சரில் திரும்பி வந்த அவர், தரவரிசையில் 300-க்கும் கீழே இறங்கி, பிறகு ஓரளவு ஏறினாரே தவிர, அமெரிக்க ஓபன் வென்ற 2020-ஆம் ஆண்டின் ஆட்டம் திரும்பவில்லை. 2024 அக்டோபரில் வியன்னாவில் விடைபெற்றார்.

டெல் போட்ரோவுக்கு 2014 முதல் 2015 வரை மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தது இடது மணிக்கட்டில். இடப்பக்கப் பந்தை இரு கைகளாலும் அடிக்கும் அவருடைய பேக்ஹேண்டில் துணைநிற்கும் கை அது. எனவே 2016-இல் திரும்பியபோது, பேக்ஹேண்டை, பந்தின் அடியில் வெட்டி அடிக்கும் ஸ்லைஸாக மாற்றிக்கொண்டு, ஃபோர்ஹேண்டை நம்பி ஆட அவருக்கு வழி இருந்தது. அந்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் முதல் சுற்றில் ஜோகோவிச்சையும், அரையிறுதியில் நடாலையும் அப்படித்தான் வென்றார். ஆயினும் 2010-இல் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது வலது மணிக்கட்டில் என்பதையும், அப்போது 485-ஆவது இடம் வரை சரிந்தவர் 2011-ஐ 11-ஆவது இடத்தில் முடித்தார் என்பதையும் சொல்லாமல் விட்டால் என் விளக்கம் ஒருதலைப்பட்சமாகிவிடும். எந்தத் திசு, எவ்வளவு சேதம், எந்த வயது என்பவையெல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அவ்விருவரின் கதையை வைத்து உங்கள் மணிக்கட்டின் எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள்.

பின்கோடு:

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய பதிவு ஒன்று கையில் இருந்ததால் உடனே பார்த்தேன். எதிராளி பந்தை அடித்து முடித்த பிறகுதான் என் கால்கள் தரையிலிருந்து எழும்புகின்றன. பயிற்சிப் பதிவில் அப்படி இல்லை. ஆட்டம் முடிந்த கையோடு வலிமையை அளக்கவும் ஏற்பாடு செய்துவிட்டேன். இன்னொரு சந்தேகம் உண்டு. எனக்குப் பாதுகாக்கப்பட்ட தரவரிசை (காயத்தால் விலகியிருந்தவர் பழைய தரவரிசையைக் காட்டிப் போட்டிகளில் நுழைய உதவும் சலுகை) கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு பெரிய போட்டிகளில் நேரடியாக நுழைவதா, இல்லையா?

நாலாவது வரிசை:

அந்தத் தரவரிசையைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் விதிப்படி, குறைந்தது ஆறு மாதங்கள் ஆடாமல் இருந்தவருக்கு, காயத்தின் முதல் மூன்று மாதங்களில் இருந்த சராசரித் தரவரிசையே பாதுகாக்கப்படுகிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் திரும்பியவர் அதை 9 போட்டிகளுக்கு அல்லது 9 மாதங்களுக்கு, எது முன்னதாக முடிகிறதோ அதுவரை பயன்படுத்தலாம். ஓராண்டோ அதற்கு மேலோ விலகியிருந்தால் இரண்டும் 12 ஆகும். இது போட்டிக்குள் நுழையும் கதவை மட்டும்தான் திறக்கும். முன்னணி வீரர்கள் தொடக்கச் சுற்றுகளில் ஒருவரையொருவர் சந்திக்காதபடி பிரித்துவைக்கும் 'சீடிங்' பட்டியலில் இடம் தராது. ஆகவே முதல் சுற்றிலேயே முன்னணி வீரர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். தோற்றால் ஒரு வாய்ப்பும் போயிற்று, அந்த வாரமும் போயிற்று; மட்டைப்பிடி அவர்கள் குறிப்பிட்ட அதே சுழலில் இன்னும் விரைவாகச் சிக்கிக்கொள்வீர்கள்.

நானாக இருந்தால், தற்போதைய தரவரிசைக்குக் கிடைக்கும் சிறிய போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் முதலில் ஆடுவேன். தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டங்களை வென்று பிரதான சுற்றுக்கு வருகிறவர், நேரடியாக நுழைந்தவரைக் காட்டிலும் அந்த ஆடுகளத்தை நன்றாக அறிந்திருப்பார். இரட்டையரிலும் தவறாமல் பெயர் கொடுங்கள். ஒற்றையரில் தோற்றாலும் அங்கே ரிட்டர்ன் பழக்கம் தொடரும். தொடர்ச்சியாகச் சில ஆட்டங்களை வென்ற பிறகே பாதுகாக்கப்பட்ட தரவரிசையைத் தொடுங்கள்.

எந்தத் தளத்தில் திரும்புகிறோம் என்பதும் முக்கியம். 2012 விம்பிள்டனுக்குப் பிறகு முழங்கால் காயத்தால் ஏழு மாதங்கள் விலகியிருந்த நடால், 2013 ஆஸ்திரேலிய ஓபனைத் தவிர்த்துவிட்டு, பிப்ரவரியில் சிலி நாட்டின் வினா டெல் மார் நகரில் நடந்த சிறிய களிமண் தளப் போட்டியில் ஒற்றையருடன் இரட்டையரும் ஆடினார். ஒற்றையர் இறுதியில் ஹொராசியோ செபயோஸிடம் தோற்றார் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரே வாரத்தில் அவருக்கு எத்தனை ஆட்டங்கள் கிடைத்தன என்பதைக் கவனியுங்கள். அந்த ஆண்டை அவர் முதலிடத்தில் முடித்தார். உங்களுக்கு எந்தத் தளம் அதிக நேரம் தருமோ அதில் தொடங்குங்கள். வேகமான தளங்களைச் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடலாம்.

வயது கடந்துவிட்டது என்று எவரேனும் உங்களிடம் கூறினால் ஜெர்மன் வீரர் டாமி ஹாஸை நினைவுபடுத்துங்கள். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2011-இல் 896-ஆவது இடத்துக்கு இறங்கியவர், 2012-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் நடந்த போட்டியின் இறுதியில் ஃபெடரரை வென்று, 2013-இல் 35 வயதில் 11-ஆவது இடத்துக்கு வந்தார்.

மட்டைப்பிடி:

நாலாவது வரிசை எழுதிய அட்டவணையோடு முழுமையாக உடன்படுகிறேன். இயன்முறையர் இரண்டாவது செட்டைப் பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் தோற்ற நாளிலேயே ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். உங்களைப் போலவே தோற்று நிற்கும் இன்னொருவர் அதே வளாகத்தில் இருப்பார். மறுநாள் காலை அவரோடு ஒரு செட் ஆடுங்கள். ஒவ்வொரு கேமையும் 30-30 என்ற கணக்கிலிருந்து தொடங்குங்கள், சர்வீஸ் செய்பவர் எண்ணிக்கையை உரக்கச் சொல்லட்டும், புள்ளிகளுக்கு இடையே போட்டியில் உள்ளதைப் போல 25 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். கை தளர்வதை உணர்ந்த கேமோடு நிறுத்திவிட்டு, எத்தனையாவது கேம் என்று இயன்முறையர் சொன்ன எண்ணிக்கைக் குறிப்பேட்டிலேயே எழுதிவையுங்கள்.