மறுமொழி: ஆர்.வி. வண்டிக்குத் தமிழ்ப் பெயர் – ‘தங்குவண்டி’ பற்றி

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

படுக்கை, சமையல், கழிப்பறை வசதிகளோடு பயணத்தில் தங்குவதற்கான ஆர்.வி. (recreational vehicle) வண்டிக்கு, நம் குழும அகராதியில் சேர்க்க, இவ்விழையில் இதுவரை பொழுதுபோக்கு ஊர்தி, நடமாடும் வீடு, மனையூர்தி, கேரவன் ஆகிய நான்கும் முன்வைக்கப்பட்டுள்ளன. குடும்பத்தோடு அவ்வண்டியில் சென்று முகாமில் தங்குவோர், பக்கத்து வண்டிக்காரரிடம் பேசும்போது அச்சொல் நாவில் தடையின்றி வருமா, கேட்பவர் வேறொன்றை எண்ணிக்கொள்ள இடமுண்டா என்ற இரண்டே கேள்விகளை வைத்து நான்கையும் பார்த்தேன்.

‘பொழுதுபோக்கு ஊர்தி’ என்பது வட அமெரிக்கச் சட்டங்களிலும் பதிவேடுகளிலும் வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது. தமிழில் அதைக் கேட்பவர் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினத்தையே நினைப்பார். ‘நடமாடும் வீடு’ அதைவிடச் சிக்கலானது. தொழிற்சாலையில் கட்டி, ஒரே ஒரு முறை இழுத்துச் சென்று மனையில் இறக்கி, பின்னர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும் வீட்டுக்கு அப்பெயர் ஏற்கெனவே உரியது. ‘கேரவன்’ என்றால் தமிழ் வாசகருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலுமோ அது பெரும்பாலும் காரின் பின்னே இழுத்துச் செல்லப்படுவதையே குறிக்கும். மனையூர்தி ஓரளவு பொருந்துகிறது. என் தயக்கமெல்லாம் அதன் பிற்பாதியைப் பற்றியது.

> ‘வண்டி’ பேச்சுவழக்குச் சொல். கலைச்சொல்லுக்கு ‘ஊர்தி’யே தகும்.

இழையில் ஒருவர் எழுதிய இக்கருத்தை நான் ஏற்கவில்லை. ஊர்தல் என்பதற்கு ஏறிச் செல்லுதல் என்ற பொருள் உண்டு. ஆகவே ஏறிச் செல்லப்படுவதே ஊர்தி. நாம் பெயரிட முயலும் வண்டிகளில் பல, தமக்கென எஞ்சின் இல்லாமல் வேறொரு வாகனத்தால் இழுக்கப்படுபவை. அவை ஓடும்போது உள்ளே ஆள் இருப்பது ஆபத்து என்பதோடு, பல இடங்களில் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. ஓடும்போது யாரும் ஏறியிராத ஒன்றை ஊர்தி என்பது முரண். வண்டிக்கு அந்தச் சங்கடம் இல்லை: மாட்டுவண்டியும் கைவண்டியும் இழுக்கப்படுபவை, மோட்டார் வண்டி தானே ஓடுவது, மூன்றும் வண்டிதான். பேச்சில் வழங்குவது குறையென்றால் தொடர்வண்டி என்ற சொல்லையும் நாம் கைவிட வேண்டியிருக்கும்.

எனவே என் பரிந்துரை ‘தங்குவண்டி’. சுடுசோறு, ஊறுகாய் போல இது வினைத்தொகை. தங்கிய, தங்குகின்ற, தங்கும் வண்டி என மூன்று காலத்துக்கும் விரியும். ‘குடிவண்டி’ என்று சுருக்கலாம் என்று எழுதிய நண்பர், அப்பெயர் சொல்லி வழியில் காவலரிடம் விளக்கம் தர நேர்வதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

தானே ஓடுவதைப் ‘பொறித் தங்குவண்டி’ என்றும், இழுக்கப்படுவதை ‘இழுபடு தங்குவண்டி’ என்றும் பிரிக்கலாம். ‘இழுவை’ என்று சொன்னால் இழுப்பதா இழுக்கப்படுவதா என்ற ஐயம் எழுவதால், ‘இழுபடு’ என்பதை வலியுறுத்துகிறேன். பொறி வகையில் வட அமெரிக்காவில் வழங்கும் ஏ, பி, சி என்ற பிரிவுகள் எழுத்து வரிசையில் அமைந்திருந்தாலும் அளவு வரிசையில் அமையவில்லை. ஏ பெரியது, பி சிறியது, சி இடைப்பட்டது. இந்தக் குழப்பத்தைத் தமிழிலும் சுமக்கத் தேவையில்லை. பேருந்து போன்ற உடலுடைய ஏ பிரிவைப் பேருந்து வகை என்றும், வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் அமைத்த பி பிரிவை வேன் வகை என்றும், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கைத் தட்டு முன்னோக்கி நீண்டிருக்கும் சி பிரிவைப் பரண் வகை என்றும் சொல்லலாம். குழந்தைகள் போட்டியிட்டு ஏறிக்கொள்ளும் அந்த இடத்துக்குப் பரணைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

> ‘ஐந்தாம் சக்கரம்’ என்று நேராகவே பெயர்க்கலாமே?

வேண்டாம். இழுபடு வகைகளுள் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அது (fifth wheel), குதிரை வண்டிகளின் முன்னச்சு திரும்புவதற்காகக் கிடைமட்டமாக வைத்த வளையத்திலிருந்து வந்த பெயர். இன்று அது பிக்கப் லாரியின் சரக்குத் தளத்தில், பின்னச்சுக்கு மேலாக அமையும் இணைப்பையும் அதில் மாட்டி இழுக்கப்படும் வண்டியையும் குறிக்கிறது. நம்மவர் ஐந்தாம் சக்கரம் என்றதும் ஸ்டெப்னியைத்தான் தேடுவார்கள். ‘தளக்கொக்கி வண்டி’ போதும். மற்ற இழுபடு வகை, லாரியின் பின்முனையில் மாட்டப்படுவதால் ‘வால்கொக்கி வண்டி’.

அடுத்து, மிகுந்த கவனம் வேண்டிய இடம் தண்ணீர்த் தொட்டிகள். ஒரு தங்குவண்டியில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும்: குடிக்கவும் சமைக்கவும் நிரப்பிக்கொள்ளும் நீர், குளித்ததும் பாத்திரம் கழுவியதும் சேரும் நீர், கழிப்பறையிலிருந்து வருவது. பின்னிரண்டுக்கும் சாம்பல்நீர், கருநீர் என்று நிறப்பெயர் தந்த அன்பரின் முயற்சியை மதிக்கிறேன், ஆனால் வால்வின் முன் கையுறையோடு குனிந்து நிற்பவருக்கு நிறம் எதையும் விளக்காது. இரண்டாவதைக் ‘கழுவுநீர்’ எனலாம் என்றால், ‘கழிவுநீர்’ என்பதிலிருந்து ஓர் உயிர்மெய் மட்டுமே வேறுபடுகிறது. மங்கிய ஒட்டுத்தாளில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே நன்னீர், அலசுநீர், மலநீர் என்பவை என் தேர்வு. மலநீர் நாகரிகமாக இல்லை என்று ஓர் அம்மையார் தனிமடலில் குறிப்பிட்டார். அந்தத் தொட்டியைக் கையாளும் முறையும் நாகரிகமானதன்று: ஏறக்குறைய நிரம்பும்வரை வால்வை மூடியே வைத்திருக்க வேண்டும், இல்லையேல் நீர் வடிந்து திடப்பொருள் மட்டும் அடியில் குவிந்து இறுகிவிடும், காலி செய்யும்போது முதலில் மலநீரைத் திறந்து, பிறகு அலசுநீரை விட்டால்தான் குழாய் தன்னால் அலசப்படும். பெயர்கள் இப்படி அமைந்தால் அந்த வரிசை அவற்றிலேயே விளங்கிவிடுகிறது. இவற்றை இறக்கும் இடத்துக்குக் ‘கழிவிறக்கிடம்’. நன்னீர்க் குழாயைக் கழிவை இறக்கும் குழாயோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்பதால் ‘நன்னீர்க் குழாய்’, ‘இறக்குகுழாய்’ என இரு தனிப் பதிவுகளும் அகராதியில் வேண்டும்.

நிறுத்திய வண்டிக்கு முகாமிலிருந்து பெறும் மின்சாரத்தைக் ‘கரைமின்சாரம்’ என்பது கப்பல் துறையிலிருந்து அப்படியே வந்தது. நமக்கு ‘முகாம் மின்னிணைப்பு’ என்பதே தெளிவு. இங்கே ஒரு விளக்கக் குறிப்புச் சேர்ப்பது பயன் தரும். வட அமெரிக்க முகாம்களில் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். 50 ஆம்பியர் இணைப்போ தலா 120 வோல்ட் உள்ள இரு வழிகளாக வருவதால் மொத்தம் 12,000 வாட் வரை தரக்கூடியது. எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதை முதலாவதைவிடச் சற்றே பெரியதென்று எண்ணிவிடுவார். பிந்தியதை ‘இருவழி மின்னிணைப்பு’ என்று பதிந்தால் அந்த மயக்கம் நீங்கும். எந்த இணைப்பும் இல்லாமல் தொட்டி நீரையும் மின்கலத்தையும் நம்பித் தங்குவதை ‘உலர் முகாம்’ என்றால் மழை பெய்யாத முகாமா என்பார்கள். ‘தற்சார்புத் தங்கல்’ நன்று.

சில இடங்களில் நாம் எதையும் புனைய வேண்டியதில்லை. நிறுத்திய வண்டி உருளாமல் சக்கரத்தடியில் வைப்பதற்குத் தேர்ச்சக்கரத்தின் முட்டுக்கட்டை இருக்கிறது. வண்டி சாயாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்குக் கொத்தனாரின் ரசமட்டம் இருக்கிறது. அம்மோனியாவைக் கொண்டு இயங்கும் உறிஞ்சுவகைக் குளிர்ப்பெட்டி, அந்தத் திரவம் தன் எடையால் இறங்கிச் சுழல்வதை நம்பியிருப்பதால், மட்டம் தவறி நின்றால் பழுதாகும் என்பது ரசமட்டம் என்ற சொல்லின் கீழ் வர வேண்டிய குறிப்பு.

பல குடும்பங்கள் சேர்ந்து வரிசையாகச் செல்லும் தங்குவண்டிக் கூட்டத்துக்கு ‘அணிவகுப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது படைக்கு ஏற்றது. வழித்துணைக்காகச் சேர்ந்து பயணம் செய்த வணிகர் கூட்டத்துக்குத் தமிழில் ‘சாத்து’ என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலும் அது நிற்கிறது. முன்னே செல்பவர் பாதையின் நிலையைச் சொல்வதும், யாருக்கேனும் டயர் வெடித்தால் எல்லோரும் ஓரம் கட்டுவதும், மாலையில் ஒரே முகாமில் அடுத்தடுத்த இடம் பிடிப்பதும் ஆகிய இந்தப் பயணத்துக்கு அச்சொல்லை மீட்டெடுப்பது தகும். ‘தங்குவண்டிச் சாத்து’ நீளமாகத் தோன்றினால் ‘வண்டிச்சாத்து’ போதும்.

முடிவாகாமல் நிற்பது ஒன்று. நிறுத்திய பின் சுவரின் ஒரு பகுதி வெளியே நகர்ந்து உள்ளிடத்தைப் பெருக்கும் அமைப்புக்குத் ‘தள்ளறை’ என்று முதலில் எழுதியிருந்தார்கள். ‘அறை’யின் இன்னொரு பொருளால் அது கைகலப்பைப் போல ஒலிக்கிறது. ‘விரியறை’ மேலானது, ஆயினும் முழு அறையும் விரிவதில்லை, கட்டிலோ இருக்கையோ உள்ள ஒரு பகுதியே நகர்கிறது. அந்தப் பகுதி மட்டும் என்பது புலப்படும் சொல் யாருக்கேனும் தோன்றினால் இவ்விழையிலேயே எழுதுங்கள்; அதுவரை விரியறை என்பதைக் கேள்விக்குறியோடு பட்டியலில் வைத்திருப்போம்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்