தம்பியின் படகுக்கு ஃபுளோரிடா நம்பர்

சனி, இரவு 9:05 (குடும்பச் சாட் குழு, சிங்கப்பூர் நேரம்)

தம்பி: வணக்கம் அம்மா. வீட்டுச் சாமான் எல்லாம் பிரித்து அடுக்கியாயிற்று. படகு மட்டும் இன்னும் டிரெய்லரிலேயே நிற்கிறது. மிச்சிகன் நம்பரோடு இங்கே ஃபுளோரிடாவில் தண்ணீரில் இறக்கலாமா என்று தெரியவில்லை. மாமா இருக்கிறாரா?

அம்மா: ஒரே நாட்டுக்குள்தானே ஐயா வீடு மாறினாய்? அதற்கு எதற்கு மறுபடியும் நம்பர்?

நான்: நம் கார் ஜோகூர் போவதற்கே விஇபி (மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி) எடுக்கிறோமே அம்மா, அது மாதிரி இருக்கும்.

மாமா: விஇபி போய்விட்டுத் திரும்புகிறவருக்கு. இவன் அங்கேயே குடியேறிவிட்டான். நம் சிங்கப்பூரில் படகுக்கு ஒரே ஆணையம். துவாஸில் இருந்த படகைச் சாங்கிக்குக் கொண்டுபோனாலும் அதே நம்பர்தான். அமெரிக்காவில் எந்த மாநிலத்துத் தண்ணீரில் அதிகம் ஓட்டுகிறோமோ அந்த மாநிலத்து நம்பர் வேண்டும். மிச்சிகனுக்கு எம்சி, ஃபுளோரிடாவுக்கு எஃப்எல் என்று முன்னெழுத்தே மாறும்.

மாமா: மாப்பிள்ளை, இறக்கு, பயப்படாதே. மிச்சிகன் பதிவு காலாவதி ஆகாமல் இருந்தால் ஃபுளோரிடா அதை 90 நாள் ஏற்கும். அதற்கு மேல் ஓட்டுவதானால் கவுண்டி (மாவட்ட) டாக்ஸ் கலெக்டர் ஆபீசில் பதிய வேண்டும். போய்ச் சேர்ந்து எத்தனை நாள்?

தம்பி: நாலு வாரம் மாமா. மிச்சிகன் பதிவு 3 வருடத்துக்குக் கட்டியது, இன்னும் இருக்கிறது.

மாமா: அப்படியானால் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. ஆனாலும் தள்ளிப் போடாதே. டைட்டில் (உரிமைச் சான்று) இருக்கிறதா?

தம்பி: அதுதான் சிக்கலே. மிச்சிகனில் 20 அடியும் அதற்கு மேலும் உள்ள படகு, இல்லை என்றால் இன்ஜின் உள்ளேயே பொருத்திய படகு, இவற்றுக்குத்தான் டைட்டில். என்னுடையது 18 அடி, வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின். அதனால் டைட்டிலே தரவில்லை. ஃபுளோரிடாவில் மோட்டார் படகுக்கு டைட்டில் கட்டாயம் என்கிறார்கள்.

மாமா: சரி, மிச்சிகன் பதிவு அட்டையும் வாங்கிய பில்லும்தான் உனக்கு ஆதாரம். இரண்டையும் படம் எடுத்து இங்கே போடு. அப்புறம் படகின் பின்பக்கம், வலது மேல்மூலையில் படகின் அடையாள எண் 12 எழுத்தில் பதித்திருக்கும். அதையும் எடு.

தம்பி: (3 படங்கள்)

மாமா: படகுப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாசியை ஈரத்துணியால் துடை. டார்ச்சை நேராக அடிக்காதே, பக்கத்தில் சாய்த்துப் பிடி. பள்ளத்தில் நிழல் விழுந்தால் எழுத்து எழும்பி வரும். படகு யார்டில் 30 வருடம் நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

தம்பி: (படம்)

மாமா: இப்போது பளிச்சென்று இருக்கிறது. முதல் 3 எழுத்து கட்டியவரின் குறி. அடுத்த 5 வரிசை எண். கடைசி நாலைப் பார், ஜி 6 1 7. ஜி என்றால் ஜூலை மாதம், 6 என்றால் 2016, 17 என்றால் 2017 மாடல். பில்லிலும் 2017 மாடல் என்றுதான் இருக்கிறது.

மாமா: ஆனால் பில்லில் ஐந்தாவது எழுத்தைப் பார். ஓ என்று அடித்திருக்கிறார்கள். படகில் இருப்பது பூஜ்யம். வரிசை எண்ணில் ஐ, ஓ, கியூ இந்த மூன்றும் வரவே கூடாது என்பது விதி. பதிவு அட்டையில் சரியாக இருக்கிறது, பில்லில்தான் தப்பு.

நான்: ஒரு எழுத்துதானே மாமா?

மாமா: ஒரு எழுத்து மாறினால் அது வேறு படகு. டைட்டில் இல்லாதவனுக்கு அந்தப் பில்தான் உயிர். விற்ற கடையில் இன்றைக்கே கேள் மாப்பிள்ளை, திருத்திக் கொடுத்தே ஆக வேண்டும். மிச்சிகனில் கட்டிய 6 சதவீத வரியும் அதில் தெளிவாக இருக்கட்டும். ஃபுளோரிடாவிலும் மாநில வரி 6 சதவீதம். கட்டியதற்குக் காகிதம் இல்லை என்றால் மறுபடி கேட்பார்கள்.

தம்பி: இதை நான் கவனிக்கவே இல்லை மாமா. இந்தப் பில்லோடு திங்கட்கிழமை போயிருப்பேன். ரொம்ப நன்றி.

அம்மா: அப்பா உங்களை உபின் தீவுக்குக் கூட்டிப் போகும்போது பம்போட் (சிறு பயணிப் படகு) நம்பரை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். எனக்கு நினைவு வருகிறது.

நான்: எனக்கும் நினைவிருக்கிறது அம்மா. பால் டின் தாளைக் கிழித்து எழுதுவார்.

வியாழன், இரவு 9:40

தம்பி: திருத்திய பில் வந்துவிட்டது. மூன்று முறை போன் செய்த பிறகுதான் அனுப்பினார்கள். இதோ கவுண்டருக்குக் கிளம்புகிறேன்.

மாமா: டிரெய்லரை மறந்துவிடாதே. அதற்குத் தனிப் பதிவு. காலி எடை 2000 பவுண்டுக்குக் கீழே என்றால் டைட்டில் வேண்டாம், நம்பர் பிளேட் மட்டும் போதும்.

மாலா (தம்பி மனைவி): எனக்கும் ஒரு வேலை வந்துவிட்டது அண்ணி. மிச்சிகனில் 1996 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குத்தான் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இங்கே 1988 ஜனவரி 1 முதல் பிறந்த எல்லாருக்கும் வேண்டும், இன்ஜின் 10 குதிரைத்திறன் இருந்தாலே. நான் 1990. இவர் 1986, தப்பித்துவிட்டார். ஆன்லைன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

நான்: நல்லது மாலா. தம்பி, நீயும் கூடவே உட்கார்ந்து படி. ஏரி வேறு, கடல் வேறு.

தம்பி: படிக்கிறேன் அக்கா.

வெள்ளி, காலை 7:15

தம்பி: முடிந்தது! எஃப்எல் நம்பர், ஸ்டிக்கர் எல்லாம் கையில். இனி என் பிறந்தநாள்தான் புதுப்பிக்கும் நாள். இப்போது பழைய எம்சி எழுத்தை ஹேர் டிரையரில் சூடாக்கி உரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா: புது எழுத்து குறைந்தது 3 அங்குல உயரம். முன்பாதியில் இரண்டு பக்கமும். படகு வெள்ளை, அதனால் கறுப்பு ஒட்டு. எஃப்எல், பிறகு ஓர் எழுத்து அகலத்துக்கு இடைவெளி, பிறகு எண், மறுபடி இடைவெளி, கடைசி எழுத்துகள். சேர்த்து ஒட்டிவிடாதே. ஸ்டிக்கர் இடது பக்கம், நம்பருக்கு 6 அங்குலத்துக்குள்.

தம்பி: (படம்)

மாமா: இடைவெளி சரி. வரிசையும் நேராக இருக்கிறது. பதிவு அட்டையைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுப் படகிலேயே வை, ஓட்டும்போது கூட இருக்க வேண்டும்.

அம்மா: அதெல்லாம் சரி. என் பேரனுக்கு லைஃப் ஜாக்கெட்?

மாலா: இங்கே 26 அடிக்குக் குறைந்த படகில், 6 வயது ஆகாத பிள்ளைகள் படகு ஓடும்போது போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம் அத்தை. இவனுக்கு 7 ஆகிவிட்டது.

அம்மா: 7 ஆனால் என்ன, 17 ஆனால் என்ன?

தம்பி: டிரெய்லரில் நிற்கும் படகில் ஏறுவதற்கே மாட்டிக்கொண்டுதான் ஏறினான் அம்மா. படம் அனுப்புகிறேன், இருங்கள்.